பேச்சியம்மாவின் கையெழுத்து

மஸ்கெலியா
12.8.1957

அன்புள்ள பேச்சியம்மாவுக்கு சோலைமலை எழுதுறது. முருகன் புண்ணியத்தில இங்க என் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அங்க உன் இருமல் விட்டுதா? மச்சான் வீட்டில எல்லாரும் சுகமா? மச்சான், இதை அவளுக்கு நிறுத்தி நிதானமா வாசிச்சுக் காட்டுங்க.

உன் அம்மா இறந்த சேதி வந்தப்ப நான் வர முடியாமப் போச்சு. கடல் தாண்டினா என்னையும் திரும்ப உள்ள விடமாட்டாங்க. அம்மாவைப் பார்க்க நீ போனப்ப, திரும்பி வரக் குடுத்த பேப்பர் ஆறு மாசத்துக்குத்தான். அம்மாவுக்கு அதுக்கு மேல இழுக்கும்னு நாம கண்டோமா. ஹட்டன் ஆபீசில போய்க் கேட்டேன். தோட்டத்துக் கூலிக்காரன் பெண்சாதிக்குப் புதுப் பேப்பர் கிடைக்கிறது கஷ்டமாம். சொந்தத் தொழில், லைசென்ஸ் இருக்கிறவன் கேட்டா யோசிப்பாங்களாம்.

அதனால தோட்டத்து வேலையை விட்டு, பேர் வெட்டிக்கிட்டு வந்திட்டேன். நாம இருந்த லயத்துக் காம்பிராவையும் விட்டாச்சு. கல்யாணத்துக்கு முன்ன ஹட்டன் பேக்கரியில நாலு வருசம் மாவு பிசைஞ்சேன் இல்லையா, அந்தக் கையை நம்பித்தான். மஸ்கெலியா டவுனில கடைசிக் கடை. பின்னால போறணை ஒண்ணு கட்டியிருக்கேன், செங்கல் அடுப்புத்தான், உள்ள ஒரு ஆள் தவழ்ந்து போகலாம்.

முதல் நாள் கள்ளு ஊத்திப் பிசைஞ்ச மாவு எழும்பவே இல்ல. ஹட்டனைவிட இங்க ஈரம் ஜாஸ்தி. வெந்து வந்த பாண் ஒவ்வொண்ணும் அம்மிக்கல்லு மாதிரி இருந்தது. பக்கத்துச் சிங்களக்காரர், கித்துள் மரத்துக் கள்ளு இறக்குற முதியான்சே, வாங்கிப் பார்த்திட்டு மாட்டுக்குப் போட்டார்.

நீ கவலைப்படாத. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
சோலைமலை

*

லால்குடி
9.9.1957

அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு நல்லமுத்து எழுதுவது. இவ்விடம் தாயாரின் பிரிவைத் தவிர வேறு குறை இல்லை. தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

தங்கள் கடிதத்தைத் தங்கைக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். வழக்கம்போல் அவள் சொல்லச் சொல்ல நானே எழுதுகிறேன். அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பேப்பர் எப்போது கிடைக்கும் என்பதே அவளுடைய ஒரே கேள்வி. தாங்கள் பாண் என்று எழுதுவதை இங்கே டபுள் ரொட்டி என்பார்கள், காய்ச்சல்காரர்தான் சாப்பிடுவார்கள்.

பிசைந்த மாவை ஈரத்துணியில் மூடி, அணைந்த அடுப்பின் சூட்டில் வைக்கச் சொல்கிறாள். கள்ளு புதிதாக இருந்தால் ஆகாதாம், ஒரு நாள் புளிக்க வேண்டுமாம். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்றேன். எழுது என்றாள்.

நான் பள்ளிக்கூட ஆசிரியன். ஊரில் எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. கட்டிக்கொடுத்த தங்கை அண்ணன் வீட்டிலேயே இருந்தால் நாலு பேர் நாலு விதமாகக் கேட்கிறார்கள். தாங்கள் சீக்கிரம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

தங்கள்,
நல்லமுத்து

*

மஸ்கெலியா
22.12.1957

அன்புள்ள பேச்சியம்மாவுக்கு. நான் சுகம். உன் உடம்பைப் பத்தி மச்சான் ஒண்ணும் எழுதல. இருமல் எப்படி?

நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். மாவு பானை வாய்வரைக்கும் எழும்பி நின்னுச்சு. அதைப் பார்த்துக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. முதியான்சேகிட்ட நாள்பட்ட கள்ளுதான் வேணும்னேன். அவர் தலையில அடிச்சுக்கிட்டார், ஆனா குடுத்தார்.

பாண் நல்லா வந்தா வாங்க ஆள் வேணுமே. லயத்துச் சனங்களுக்குத் தோட்டத்திலயே மாவு குடுக்கிறாங்க, அவங்கவங்க அடுப்பில ரொட்டி சுட்டுக்கிறாங்க. நான் எதுக்கு? அதனால சம்பள நாள்ல பணிஸ் போட்டேன், குட்டிப் பாண்தான், உள்ள கொஞ்சம் தேங்காய்ப்பூவும் சக்கரையும் வச்சு. பிள்ளைகளுக்காக வாங்குறாங்க.

தோட்டத்துக்குள்ள போறதுதான் பெரும்பாடு. போன மாசம் பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு லயத்துப் பக்கம் போனேன். வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வழியை மறிச்சிட்டார்.

"யாரைக் கேட்டு உள்ள வந்த?"

"ஐயா, நான் இந்தத் தோட்டத்தில பத்து வருசம் வேலை செஞ்சவன்."

"அப்ப பேர் இருந்துச்சு. இப்ப இல்ல. துரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும், போ."

பெட்டியை எடுத்துக்கிட்டு வந்திட்டேன். இப்ப தோட்டத்து எல்லையில, ரோட்டோரம் நிக்கிறேன். தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் குடுத்திட்டு வர்ற பொம்பளைங்க அங்க வந்து வாங்குறாங்க. அவங்க கூட்டமா வர்றப்ப சில நேரம் உன் நடை மாதிரி யாராவது நடந்து வருவாங்க.

சிவனொளிபாத மலைக்குப் போற கூட்டம் தொடங்கியாச்சு. அதனால இப்ப கையில வேலை இருக்கு.

சோலைமலை

*

லால்குடி
28.2.1958

அன்பு மாப்பிள்ளைக்கு. எல்லோரும் நலம். தங்கள் தொழில் விருத்தியாவது கேட்டு மகிழ்ச்சி. தங்கையும் மகிழ்ந்தாள்.

பேப்பர் விஷயமாக என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. அவள் வீட்டை விட்டு எங்கும் போவதில்லை. தங்கள் நினைவாகவே இருக்கிறாள். இங்கே புது நடப்பு என்றால், ரேஷனில் அரிசியைக் குறைத்து அமெரிக்கா கோதுமை போடுகிறார்கள். அதை என்ன செய்வதென்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைகிறார்கள்.

மேற்கொண்டு எழுத நேரமில்லை. பரீட்சை நெருங்குகிறது.

நல்லமுத்து

*

மஸ்கெலியா
20.8.1958

அன்புள்ள பேச்சியம்மாவுக்கு. நான் நல்லா இருக்கேன். எட்டு மாசமா எழுதலன்னு கோபமா இருப்ப.

பத்திரிகையில பார்த்திருப்பீங்க, இங்க வைகாசியில தமிழ் ஆளுங்க மேல கலவரம் வந்து நாடு சரியில்லாமப் போச்சு. மஸ்கெலியாவில பெரிசா ஒண்ணும் நடக்கல. கடை கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது, அவ்வளவுதான். நான் முதியான்சே வீட்டில இருந்தேன். அவர் சம்சாரம் எனக்கும் சேர்த்துச் சோறு போட்டாங்க. மச்சான், இதை அவளுக்கு வாசிக்க வேணாம்: கதவையும் போறணை வாயையும் உடைச்சுப் போட்டிருந்தாங்க. இப்ப கட்டியாச்சு. புதுசாத் தீ மூட்டினப்பக் கொஞ்சம் கை வெந்து போச்சு, ஆறிக்கிட்டு வருது. மாவு மூட்டை மேல படுக்கிறதால குளிர் தெரியல.

கடைப் பலகையில சிங்களத்திலயும் எழுதணும்னாங்க. எழுதியாச்சு. முதியான்சே வாசிச்சுப் பார்த்து ஒரு எழுத்துத் தப்புன்னார். அழிச்சு மறுபடி எழுதினேன்.

மூணு வாரமா மழை விடல. விறகு நனைஞ்சு புகையுது. பாண் ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் வெள்ளையா நிக்குது. வேகாததை விக்க மனசில்ல, நானே தின்னுக்கிறேன்.

நீ சொல்றதில கொஞ்சம் கூட எழுதச் சொல்லு பேச்சியம்மா. மச்சான் கடிதாசி சுருக்கமா இருக்கு. நீ என்ன கறி வச்சன்னு எழுதினாக்கூடப் போதும்.

சோலைமலை

*

லால்குடி
17.1.1959

அன்பு மாப்பிள்ளைக்கு. பொங்கல் நன்றாக நடந்தது. தாங்கள் தனியாகப் பொங்கியிருப்பீர்கள் என்று எண்ணி வருந்தினோம்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இனி தங்கள் கடிதங்களை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் என் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்பவும். அதுவே பத்திரம். தங்கை சுகமாக இருக்கிறாள். அடுப்பு வேலையில் அவளுக்கு நேரம் போய்விடுகிறது. தாங்கள் எவ்வளவு விரைவாக அழைத்துக்கொள்கிறீர்களோ அவ்வளவுக்கு நல்லது. இதற்கு மேல் நான் சொல்லக்கூடாது.

நல்லமுத்து

*

மஸ்கெலியா
5.7.1959

அன்புள்ள பேச்சியம்மாவுக்கு. இங்க நான் சுகம். உன் சுகத்துக்குச் சாமியைக் கும்பிட்டுக்கிறேன்.

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுறேன். லைசென்ஸ் என் பேருக்கு வந்திருச்சு. ரெண்டாவது போறணையும் கட்டியாச்சு. ரெண்டு தோட்டத்து ஆபீஸ்காரங்க தினமும் பாண் எடுக்கிறாங்க. என்னை மறிச்ச கண்டாக்கு ஐயாவே மகள் கல்யாணத்துக்குக் கேக் போடச் சொன்னார். கேக் எனக்கு வராதுன்னேன். வர்ற மாதிரி போடுன்னார். ரெண்டு தடவை கருகி மூணாவது தடவை வந்துச்சு.

பேப்பர் விசயமா ஒரு ஆபீசர் கடையைப் பார்க்க வந்தார். போறணைக்குள்ள குனிஞ்சு பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார்.

"நீ மட்டுமா இங்க?"

"ஆமாங்க."

"இவ்வளவையும் நீ ஒருத்தனாவா செய்ற?"

"பெண்சாதி வந்தா ரெண்டு பேரு."

எழுதிக்கிட்டுப் போனார்.

பின்பக்கம் உனக்குன்னு ஒரு ரூம் எடுத்திருக்கேன். போறணைச் சுவர் ஒரு பக்கம் இருக்கிறதால எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும். நீ மழையில கொழுந்து பறிக்கப் போக வேணாம். அடுப்புப் பக்கமும் வர வேணாம். முன்னால கல்லாவில உட்கார்ந்தாப் போதும்.

சோலைமலை

*

மஸ்கெலியா
18.11.1959

அன்புள்ள பேச்சியம்மாவுக்கு. நீயும் மச்சான் வீட்டிலயும் சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன்.

பேப்பர் வந்திருச்சு. இதுக்குள்ள வச்சிருக்கேன், பத்திரம். மச்சான், நீங்களே கூட இருந்து மண்டபம் கேம்பில டாக்டர் சோதனை எல்லாம் முடிச்சு, தனுஷ்கோடியில கப்பல் ஏத்தி விடுங்க. தை மாசம், ஜனவரி 20ஆம் தேதிக் கப்பல். தலைமன்னார்ல நான் வந்து நிப்பேன்.

கம்பளி அங்க கிடைக்காது, இங்க வாங்கி வச்சிட்டேன். நீ போய் மூணு வருசமும் எட்டு மாசமும் ஆச்சு. எனக்கு முன்பக்கம் கொஞ்சம் நரைச்சிருக்கு. பார்த்துப் பயந்திராத.

சோலைமலை

*

மஸ்கெலியா
24.1.1960

பேச்சியம்மாவுக்கு. நான் சுகம்.

இருபதாம் தேதி தலைமன்னாருக்கு வந்திருந்தேன். கப்பல் வந்துச்சு. கடைசி ஆள் இறங்குற வரைக்கும் நின்னேன். தேதி மாறிப்போச்சோன்னு மறுநாள் கப்பலுக்கும் நின்னேன். பிறகு ரயில் ஏறி வந்திட்டேன்.

உனக்கு உடம்பு முடியலையா? எதுவா இருந்தாலும் எழுதச் சொல்லு.

சோலைமலை

*

லால்குடி
3.3.1960

என் வீட்டுக்காரருக்கு பேச்சியம்மா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். இருமல் எப்பவோ விட்டிருச்சு. உங்க கை ஆறிருச்சா?

இது என் கை. எழுத்து கோணலா இருக்கும், மெதுவா வாசிங்க. கான்வென்ட் ஆஸ்டல்ல சமைக்கிற ஐவி எனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தா. ஒரு வருசம் ஆச்சு. இதை எழுத மட்டும் ஒன்பது நாள் ஆச்சு.

மொதல்ல கப்பல் விசயம். நீங்க ரெண்டு நாள் நின்னீங்கன்னு வாசிச்சிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பேப்பர் வந்த அன்னைக்கே அண்ணன்கிட்டச் சொன்னேன், நான் யோசிக்கணும், தேதி போட வேணாம்னு எழுதுங்கன்னு. அண்ணன் எழுதல. நாள் வந்தா நான் போயிருவேன்னு நினைச்சிருக்காரு. அன்னைக்குப் பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்து கடை வாசல்ல நின்னாரு. நான் மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன். வரலன்னேன்.

கடைன்னு உங்களுக்குத் தெரியாது. அண்ணன் அதையும் எழுதல. அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில நான் சும்மா உட்கார்ந்து தின்னுக்கிட்டு இருந்தேன். யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லாம இருந்ததுதான் கஷ்டமா இருந்துச்சு. அப்பதான் ரேஷன்ல கோதுமை வந்துச்சு. ஊரே அதை வச்சுக்கிட்டு முழிச்சுது. நமக்குத் தோட்டத்தில அதுதானே சோறு. அரைச்சுத் தேங்காய்ப்பூ போட்டு லயத்து ரொட்டி சுட்டு, மிளகாயும் வெங்காயமும் வச்சுக் கட்டைச் சம்பல் அரைச்சுப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தேன். மறுநாள் அந்தம்மா தன் வீட்டு மாவைக் கொண்டுவந்து சுட்டுத் தரச் சொன்னாங்க. அடுத்த வாரம் ரயில்ரோட்டு வேலைக்காரங்க கேட்டாங்க. ஸ்டேசன் பக்கம் ஒரு கீத்துக் கொட்டகை போட்டேன். ஆஸ்டலுக்கு தினம் நாற்பது ரொட்டி போகுது.

லேசா நடக்கல. மொத மாசம் போலீசுக்காரர் கொட்டகையைப் பிரிச்சாரு. மறுபடி போட்டேன். சம்பலுக்கு நம்ம மாசிக் கருவாடு இங்க இல்ல, நெத்திலி போட்டுப் பார்த்து, அதுவும் சரியில்லாம விட்டிட்டேன். வாத்தியார் தங்கச்சி தெருவில உட்கார்ந்து ரொட்டி சுடுறான்னு அண்ணனுக்குத் தலை குனிவு. நான் வெளியேறிக் கடைக்குப் பின்னாலயே இருக்கேன், ஒன்றரை வருசமா. அதான் உங்க கடிதாசியைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டாரு. அவர் கெட்டவர் இல்ல. என்னை உங்ககிட்டச் சேர்த்துட்டா எல்லாம் சரியாயிரும்னு நம்பினாரு.

எழுத்து வந்த பிறகு உங்க கடிதாசி எல்லாத்தையும் கேட்டு வாங்கி நானே வாசிச்சேன். கதவை உடைச்சது, கை வெந்தது, மூட்டை மேல படுத்தது எல்லாம் அப்பதான் தெரியும். என் நடை மாதிரி யாரோ நடந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. அதையும் அண்ணன் வாசிச்சுக் காட்டல. கூச்சமா இருந்திருக்கும். வாசிச்சிருந்தா நான் அன்னைக்கே புறப்பட்டிருப்பேனோ என்னமோ.

ரெண்டு வருசத்துக்கு முன்ன, நீங்க இங்க வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து கடை போடலாம்னு எழுதச் சொன்னேன். உங்க பதில்ல அதைப் பத்திப் பேச்சே இல்ல. உங்களுக்கு இஷ்டமில்லன்னு நினைச்சு அழுதேன். இப்பதான் தெரியுது, அது உங்களுக்கு வந்தே சேரல.

நீங்க அனுப்பின பேப்பர் இங்கிலீஷ்ல இருந்ததால ஐவி வாசிச்சுச் சொன்னா. அதில என் பேருக்கு நேரே தொழில் இல்லைன்னு போட்டிருக்காம். நீங்க என்ன செய்வீங்க, உங்களுக்குத் தெரியாது. ஆனா அதைக் கேட்டுட்டு என்னால சும்மா இருக்க முடியல. கல்லாவில உட்கார்ந்தாப் போதும்னு நீங்க ஆசையா எழுதினதும் எனக்குப் புரியுது. எனக்கு இனிமே அது முடியாது. கை சும்மா இருக்காது.

நான் வரல. உங்க மேல வெறுப்பு இல்ல. நீங்க வந்தா இங்க இடம் இருக்கு, நான் உங்களைப் பார்த்துக்குவேன். ஆனா வந்தா உங்களால திரும்பிப் போக முடியாது. எனக்காக நீங்க கட்டின கடையை விட்டுட்டு வாங்கன்னு நான் எப்படிக் கேட்கிறது. கேட்கல.

பேப்பரைத் திருப்பி இதுக்குள்ள வச்சிருக்கேன்.

பேச்சியம்மா

*

மஸ்கெலியா
19.6.1960

அன்புள்ள பேச்சியம்மாவுக்கு. என் கை ஆறிருச்சு. தழும்பு மட்டும் இருக்கு. உன் கொட்டகை இந்த வெயிலுக்குத் தாங்குதா?

பதில் எழுத மூணு மாசத்துக்கு மேல ஆயிருச்சு. மொதல்ல மச்சான் மேல கோபம் வந்துச்சு. அவருக்கு ஒரு கடிதாசி எழுதிக் கிழிச்சுப் போட்டேன். பிறகு உன் மேல வந்துச்சு. மூணு வருசம் நான் யாருக்காக இந்த அடுப்பில வெந்தேன்னு நினைச்சேன். கடையை வித்துட்டு வந்திரலாம்னும் நினைச்சேன். முதியான்சேகிட்டச் சொல்லவும் சொன்னேன். அவர் மறுநாள் வழக்கம் போலக் கள்ளைக் கொண்டுவந்து வச்சிட்டுப் போனார். நானும் பிசைஞ்சேன். பேச்சியம்மா, என்னால விட முடியல. உனக்காகத்தான் கட்டினேன், அது பொய் இல்ல. ஆனா இப்ப இதை விட்டா நான் யாருன்னு எனக்குத் தெரியல. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்னு அப்பதான் பட்டுச்சு.

இந்த வீட்டில பேச ஆள் இல்ல. வாடிக்கைக்காரங்க பேசுவாங்க, அது பாண் பேச்சு. அதை உன்கிட்ட இத்தனை கடிதாசியிலயும் நான் எழுதல. எழுதியிருந்தா நீ பாவம் பார்த்து வந்திருப்ப.

போன செவ்வாய்க்கிழமை ஹட்டனுக்குப் போய்ப் பேப்பரைத் திருப்பிக் குடுத்தேன். கிளாக்கர் ஐயா சிங்களத்தில கேட்டார், "ஏன், பெண்சாதி செத்துப்போச்சா?"

"இல்லைங்க."

"வேற ஆளோட போயிருச்சா?"

"இல்லைங்க."

"இதுக்காக எத்தனை தடவை வந்து இந்த வாங்குப் பலகையில உட்கார்ந்திருக்க. இப்ப வேணாம்னா என்ன காரணம்னு எழுதுறது?"

பின்னால வரிசையில நின்ன ஆள் முனக ஆரம்பிச்சிட்டார். அப்புறம் சொன்னேன், "அவ அங்க கடை வச்சிருக்கா. விட்டுட்டு வர முடியாது."

"கடையா? பெண்சாதி பேருக்கா?"

"ஆமாங்க. அவ பேருக்குத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். எழுதிக்கிட்டார். நான் வெளியில வந்து பஸ் ஸ்டாண்டில ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு மூணாவதில ஏறினேன்.

அவர் இன்னும் கேட்டிருந்தா எனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது. உன் கடை எந்தப் பக்கம் பார்த்திருக்கு? ரயில் சத்தம் ரொம்பக் கேட்குமா? அடுப்பு மண்ணா, இரும்பா? நீ நின்னுக்கிட்டுச் சுடுறியா, உட்கார்ந்தா? இதையெல்லாம் எழுது. நீயே எழுது, ஒன்பது நாள் ஆனாலும் பரவாயில்ல, உன் எழுத்து எனக்குப் புரியுது. இத்தனை வருசமா உன்னை மச்சான் வீட்டு அடுப்படியில வச்சுத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அங்க நீ இல்ல. இப்ப உன்னை நினைக்கிறப்ப எங்க வச்சு நினைக்கிறதுன்னு தெரியல.

இப்படிக்கு,
சோலைமலை